எங்கட லெப்ட் பக்கைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு வாங்கோ: உதைபந்தாட்டக் கழக நிர்வாகசபைக்கு ஒரு திறந்த மடல்

தலைவர் அண்ணை, செயலாளர் அண்ணை, பொருளாளர், அதோட தெரிவுக்குழு எண்டு சொல்லிக்கொண்டு லைனுக்கு வெளியில கதிரை போட்டு இருக்கிற அண்ணையவைக்கும்,

வணக்கம். கழகத்தின்ர பேரை நான் இதில எழுதேல்லை. உங்களுக்குத் தெரியும், மற்றாக்களுக்குத் தெரியத் தேவையும் இல்லை, ஏனெண்டா பரந்தனிலயிருந்து முல்லைத்தீவுக் கடல் மட்டும் ஏ35 ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் இருக்கிற கனக்கக் கழகங்களுக்கு இப்ப இதே கதைதான், ஜேர்சிக் கலர் மட்டும்தான் வேற.

நேர விசயத்துக்கு வாறன். இடது பக்கத் தடுப்பில நிக்கிற எங்கட லெப்ட் பக் பெடியனை ஏன் பக்கத்து ஊர்க் கழகத்துக்குக் குடுத்தனீங்கள்? இப்பிடிக் கேட்டா "குடுக்கேல்லைத் தம்பி, மாத்தினது" எண்டு செயலாளர் அண்ணை சொல்லுவார். சரி, மாத்தினது எண்டே வைப்பம். லெப்ட் பக்கையும், 19 வயசு ரீமில நடுத் தடுப்பில சென்ரர் ஹாப் ஆடின பெடியனையும் அங்கால அனுப்பிப்போட்டு அங்கயிருந்து முன்னுக்கு நிண்டு கோல் அடிக்கிற ஒரு போவேட்டைக் கொண்டு வந்தனீங்கள். அந்தப் போவேட் எங்கட ஜேர்சியோட ஆடினது ரெண்டே ரெண்டு மட்ச். மூண்டாவதுக்கு வானை அனுப்பினா ஆள் மாங்குளம் பக்கம் வேற ஒரு கழகத்துக்கு ஆடப் போட்டாராம், ஃபோனும் ஓஃப். இப்ப லெப்ட் பக்கும் இல்லை, சென்ரர் ஹாப்பும் இல்லை, போவேட்டும் இல்லை, முதல் சுற்றோட வீட்ட வந்ததுதான் மிச்சம். ரெண்டு பேரைக் குடுத்து ஒருத்தரை வாங்கி அவரையும் துலைச்ச இந்த வியாபாரத்தை ஆர் பேசி முடிச்சது, எந்தக் கூட்டத்தில கை உயத்தினது எண்டு ஆராவது ஒருத்தர் சொல்லுங்கோ. நான் கேட்ட நாலு நிர்வாக உறுப்பினரும் "எனக்குத் தெரியாது, அவையைக் கேள்" எண்டு ஒராளை ஒராள் காட்டினவை.

உங்களுக்குக் கேக்காட்டியும் எங்களுக்குக் கேக்குது. பின்னேரம் வாய்க்கால் மதகில, சலூனில, சங்கக்கடைக்கு முன்னால, எங்க நிண்டாலும் இதுதான் கதை. ஒரு பகுதி சொல்லுது யாழ்ப்பாணத்திலயிருந்து ரெண்டு போவேட்டை இறக்கினாச் சரி எண்டு. இன்னொரு பகுதி கப்டன் அண்ணையை இருத்தோணும், வயசு போட்டுது, ஓடேலாது எண்டு சொல்லுது. மூண்டாவது பகுதிக்குக் கோச் சரியில்லையாம், கோச் எண்டு எங்களுக்கு ஆர் இருக்கிறார் எண்டு கேட்டா அதுக்குப் பதில் இல்லை, விசில் வைச்சிருக்கிறவர் எல்லாம் கோச்சோ? ஒரே வீட்டில அண்ணனும் தம்பியும் இதுக்காக ஒரு கிழமையா முகம் பாக்காமல் திரியினம், தாய் மனுசி என்னைக் கண்டு "உங்கட பந்தை ஆத்தில எறியுங்கோடா" எண்டு பேசிப்போட்டுப் போகுது.

மூண்டு பகுதிக்கும் நான் சொல்லுறது ஒண்டுதான், நாங்கள் எப்பிடித் தோக்கிறம் எண்டு வடிவாப் பாருங்கோ. கோல் அடிக்க ஏலாமல் நாங்கள் தோக்கேல்லை. முதல் பாதியில ஒண்டோ ரெண்டோ அடிச்சுப்போட்டுத்தான் தோக்கிறம். இடைவேளைக்குப் பிறகு எதிராளி தன்ர வலது பக்கத்தாலயே வாறான், திரும்பத் திரும்ப அதாலயே வாறான், ஏனெண்டா அவனுக்கும் தெரியும் அங்க லெப்ட் பக் எண்டு நிக்கிறது வலது கால் ஆள் எண்டு. எங்கட பெடி பந்தை இடது காலால வெளிய அடிக்கத் தெரியாமல் உள்ளுக்கு இழுத்து வலது காலுக்கு மாத்துவான், அந்த ஒரு செக்கனுக்குள்ள விங் காரன் பறிச்சுக்கொண்டு போவான். சென்ரர் ஹாப் இருந்தா அந்த இடத்தை வந்து மூடுவான், அவனையும் நீங்கள் குடுத்திட்டியள். அப்ப கப்டன் அண்ணை நடுவை விட்டிட்டு அங்கால ஓடுறார், நடு திறக்குது, அதுக்குள்ளால பந்தைப் போடுறான், கோல். கடைசியாத் தோத்த மட்சில விழுந்த மூண்டும் இதே மாதிரி, இதே பக்கம். நான் கோல் கம்பத்துக்குப் பின்னால நிண்டு பாத்தனான், நீங்கள் நிழலுக்குள்ள இருந்து பாத்தனீங்கள், அதுதான் வித்தியாசம்.

கப்டன் அண்ணைக்கு வேகம் குறைஞ்சது உண்மை. அதை மறைச்சு அவருக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. ஒன்பது பேர் ஆடுற சின்னக் கிரவுண்டில இன்னும் ரெண்டு வருசம் தாங்குவார், பதினொரு பேர் மட்ச் எண்டா ஒரு பாதிதான். ஆனா மற்றவன் விட்ட ஓட்டையை அடைக்க ஓடி ஓடிக் களைச்சு விழுந்த மனுசனைப் பாத்து "கிழடு, வெளிய வா" எண்டு எங்கட பக்கத்திலயிருந்தே கத்துறது அநியாயம். மீளக் குடியேறி வந்த காலத்தில மிதிவெடி எடுத்து முடிஞ்ச காணி எண்டு சொன்ன பிறகும் சனம் கிரவுண்டுக்குள்ள காலை வைக்கப் பயந்து நிக்க, மண்வெட்டியோட முதல் இறங்கின ஆக்களில அவரும் ஒராள். அதுக்காக ரீமில இடம் குடுக்கச் சொல்லேல்லை. 16 வயசுப் பெடியளை அவரிட்டக் குடுங்கோ எண்டு சொல்லுறன், எதிராளியை ஓஃப்சைட்டில மாட்டத் தடுப்புக்காரர் எல்லாரும் ஒண்டா முன்னுக்கு ஏறுறது எப்பிடி எண்டு இந்தப் பக்கத்தில அவரை மாதிரிச் சொல்லித் தர ஆள் இல்லை.

கோலுக்கு நிக்கிறவன் கதை அதைவிட மோசம். எங்கட கீப்பர் கட்டாருக்குப் போய் ஒரு வருசத்துக்கு மேல. போகப் போறன் எண்டு அவன் பாஸ்போட் எடுக்கேக்கையே சொன்னவன். அண்டைக்கிருந்து இண்டைக்கு மட்டும் ஒரு கீப்பரைப் பழக்கேல்லை, தேடவும் இல்லை, ஆர் உயரமோ அவனுக்குக் கையுறையைக் குடுத்து நிப்பாட்டுறியள். கோணர் கிக் வந்தா அவன் கோட்டிலயே ஒட்டிக்கொண்டு நிக்கிறான், வெளிய வந்து குத்தி விடோணும் எண்டு அவனுக்கு ஆர் சொன்னது? அதுக்குள்ள போவேட் தேடி யாழ்ப்பாணம் போறியள்.

வாடகைக்கு வாற ஆக்களைப் பற்றியும் கதைக்கத்தான் வேணும், கோவிக்காதையுங்கோ. போன தடவை வந்தவர் நல்ல ஆட்டக்காரர், அதில ரெண்டு கதை இல்லை, முதல் பந்திலயே தெரிஞ்சுது. ஆனா இடைவேளைக்குத் தண்ணி குடிக்கேக்க எங்கட விங் பெடியனிட்ட "தம்பி உம்மட பேர் என்ன?" எண்டு கேட்டவர். பேரைச் சொன்ன பிறகும் ரெண்டாம் பாதி முழுக்க "டேய் பத்து, டேய் பத்து" எண்டுதான் கூப்பிட்டவர், ஜேர்சியில பத்தாம் நம்பர் எண்டபடியா. பந்து எங்கட காலில இருந்து பறிபட்டா அவர் இடுப்பில கையை வைச்சுக்கொண்டு நடுக்கோட்டில நிப்பார், திரும்பி ஓடி வரமாட்டார். அவரில பிழை சொல்ல மாட்டன், காலமை வேற ஒரு ரீமுக்கு ஆடிப்போட்டு வந்த மனுசன், அவருக்கும் வீட்டில அடுப்பு எரியோணும். வானுக்குப் பின்னால வைச்சு காசுக் கவரை நீட்டினது ஆர் எண்டதும் தெரியும், அதை எங்கட பெடியள் பாத்தவை எண்டது உங்களுக்குத் தெரியுமோ தெரியாது. சொந்தக் காசில பஸ்ஸில வந்து, வாங்கில குந்தியிருந்து, ஒரு நிமிசமும் இறங்காமல் போனவன் அதைப் பாத்துக்கொண்டு நிண்டவன். அவருக்கு ஒரு நாளைக்குக் குடுத்த காசில ஒரு பெடியனுக்காவது நல்ல பூட்ஸ் வாங்கியிருக்கலாம். வெட்டுமெசினை வாடகைக்குப் பிடிக்கலாம் அண்ணையவை, வயல் விதைச்சிருந்தால்தான் அதுக்கு வேலை.

இன்னொருத்தரை எங்கட பெடியன் ஒருத்தன்ர பேரில இறக்கி, எதிர்ப் பக்கம் அடையாள அட்டை கேட்டு, வெண்ட மட்சையும் துலைச்ச கதையை இதில விரிச்சு எழுத எனக்கே வெக்கமா இருக்கு. விடுவம்.

இப்ப காசு குடுக்கிற ஆக்களுக்கு வாறன், ஏனெண்டா உங்கட நியாயம் எப்பவும் அதுதான், "வெளிநாட்டு அண்ணையவை கப் கேக்கினம், கப் இல்லாட்டி அடுத்த வருசம் காசு வராது." லண்டன் அண்ணையோட நானும் ஃபோனில கதைக்கிறனான். அவர் கனகாலமா இங்கிலாந்தின்ர மன்செஸ்டர் யுனைட்டட் கழகத்துக்கு ரசிகர். 2024 ஓகஸ்டில ஸ்கொட் மக்டொமினே எண்ட ஆட்டக்காரனை இத்தாலிக் கழகம் நாப்போலிக்கு வித்த அண்டு அவர் என்னோட முக்கால் மணித்தியாலம் கத்தினவர். சின்னப் பெடியனா யுனைட்டட்டின்ர பயிற்சி அகடமிக்குள்ள வந்து வளந்தவன், அவனை 25 மில்லியன் பவுண் அளவில வித்தவை. ஏன் வித்தவை? பெரிய காரணம் கணக்கு. வெளியில வாங்கின ஆளின்ர விலையை ஒப்பந்த வருசங்களுக்குப் பிரிச்சுச் செலவா எழுதோணும், வீட்டில வளந்தவனுக்கு வாங்கின விலை எண்டு ஒண்டு இல்லை, அப்ப வித்த காசு முழுக்க லாபம் எண்டு கொப்பியில விழும். அந்த லாபக் கணக்கு கிரவுண்டில எப்பிடி முடிஞ்சுது? அந்த சீசன் யுனைட்டட் 42 புள்ளியோட பிரிமியர் லீக்கில 15ஆம் இடம். மக்டொமினே நாப்போலிக்குப் போய் லீக்கில 12 கோல் அடிச்சு, அந்த லீக்கையும் வெண்டு, இத்தாலி லீக்கின்ர சிறந்த வீரர் விருதையும் எடுத்தவன். அதுக்கு ரெண்டு வருசத்துக்கு முதல், 2022இல, ஒல்லாந்துக் கழகம் அயக்ஸிலயிருந்து 80 மில்லியன் பவுணுக்கு மேல குடுத்து வாங்கின அன்ரனியை 2025 ஜனவரியில ஸ்பெயினுக்கு இரவல் அனுப்பினவை. லண்டன் அண்ணை இதைச் சொல்லிச் சொல்லி நிர்வாகத்தைத் திட்டுறார். அதே அண்ணையின்ர காசிலதான் நீங்கள் எங்கட மக்டொமினேயைப் பக்கத்து ஊருக்குக் குடுத்து அன்ரனியை வானில ஏத்திக்கொண்டு வாறியள், அது அவருக்குத் தெரியாது. நான் சொல்லட்டோ? நீங்களே சொல்லுறதுதான் மரியாதை.

யுனைட்டட் 2025 மே மாசம் யூரோப்பா லீக் பைனலில டொட்டன்ஹாமிட்ட ஒண்டுக்குப் பூச்சியம் தோத்தது எந்த ஊரில தெரியுமோ, பில்பாவோவில. அந்த ஊர்க் கழகத்தின்ர கதையைத் தலைவர் அண்ணை ஒருக்கா ஆறுதலாக் கேளுங்கோ. அத்லெற்றிக் பில்பாவோ, ஸ்பெயினும் பிரான்சும் சந்திக்கிற பக்கத்தில இருக்கிற பாஸ்க் நாட்டில பிறந்த இல்லாட்டி அங்க வளந்து பழகின ஆட்களை மட்டும்தான் ரீமில போடும், நூறு வருசத்துக்கு மேல அதுதான் அவையின்ர வழக்கம். ஸ்பெயின் முதல் பிரிவு லீக்கிலயிருந்து ஒருக்காலும் கீழ இறங்காத கழகம் மூண்டு, ரியல் மட்ரிட், பார்சலோனா, மற்றது இவை. 2024 ஏப்ரலில மயோர்க்காவைப் பெனால்டியில வெண்டு ஸ்பெயினின்ர கோப்பா டெல் ரேய் கப் அடிச்சவை, அதுக்கு முதல் அந்தக் கப்பை அடிச்சது 1984இல. நாப்பது வருசம் சனம் பொறுத்தது. எங்கட சனம் நாலு மாசம் பொறுக்காதாம் எண்டு நீங்கள் சொல்லுறியள், சனத்தை ஆர் கேட்டது?

பில்பாவோ மாதிரி அப்பிடியே செய்யேலாது எண்டு எனக்கும் தெரியும். பாஸ்க் நாட்டில கிட்டத்தட்ட 30 லட்சம் சனம், 2012 கணக்கெடுப்பில முல்லைத்தீவு மாவட்டம் முழுக்கச் சேத்தும் ஒரு லட்சம் வரேல்லை, இருக்கிற பெடியளிலயும் ஒரு பகுதி கொழும்பு, ஒரு பகுதி கட்டார், ஒரு பகுதி போட் ஏற யோசிச்சுக்கொண்டு. வெளியால ஆள் எடுக்கவே கூடாது எண்டு நான் சொல்லவும் இல்லை. லெஸ்ரர் சிற்றி 2016இல இங்கிலாந்து லீக்கை வெண்டது வெளியால எடுத்த ஆக்களாலதான், வார்டியை 2012இல ஃப்ளீற்வூட் எண்ட லீக்குக்கு வெளிய கிடந்த சின்னக் கழகத்திலயிருந்து ஒரு மில்லியன் பவுணுக்கு எடுத்தவை, மஹ்ரேஸை 2014இல பிரான்ஸ் ரெண்டாம் பிரிவிலயிருந்து எடுத்தவை. என்ன இடம் காலியா இருக்கு எண்டு பாத்து, அந்த இடத்துக்கு ஏத்த ஆளைத் தேடி, வந்தவனை வைச்சிருந்தவை. மட்சுக்கு முதல் நாள் இரவு பத்து மணிக்கு "மச்சான் ஆரும் போவேட் இருக்கினமோ" எண்டு ஃபோன் அடிக்கேல்லை.

எங்களுக்குக் காலியா இருக்கிற இடம் கீப்பர், லெப்ட் பக், சென்ரர் ஹாப். வெளியால எடுக்கிறதெண்டா ஒரு கீப்பரை எடுங்கோ, எடுத்து வருசம் முழுக்க வைச்சிருங்கோ, எங்கட சின்னப் பெடியன் ஒருத்தனை அவருக்குப் பின்னால பழக விடுங்கோ. போவேட்டுக்கு எங்கட பத்தாம் நம்பர் காணும். அவன் தனிய நிண்டு அடிக்கமாட்டான், ஆனா பின்னாலயிருந்து பந்து வந்தா அடிப்பான், ரெண்டு வருசத்துக்கு முதல் வற்றாப்பளைப் பொங்கலுக்கு முன்னம் நடந்த சுற்றுப்போட்டியில பைனல் மட்டும் போனது அவன்ர காலாலதான், அப்ப அவனுக்குப் பந்து குடுத்தது ஆர்? அந்த லெப்ட் பக் பெடியன். லைனோட ஓடி வந்து இடது காலால உள்ளுக்குப் போடுவான் பாருங்கோ, நிலத்தில படாமல் ஒரு பனை உயரத்துக்கும் போகாமல் நேர நெத்திக்கு வரும். பகல் முழுக்க மேசனோட கையாளா நிண்டு சீமெந்து குழைச்ச கையைக் கழுவாமல் பிராக்டிசுக்கு வாறவன், ஒரு நாளும் பிந்தி வந்ததில்லை.

பெடியளின்ர பதிவைப் பற்றியும் ஒரு வசனம். உலக உதைபந்தாட்டத்தை நடத்துற பீபாவின்ர விதியில ஒரு ஆட்டக்காரன் ஒரு சீசனுக்குக் கூடினது மூண்டு கழகத்திலதான் பதியலாம், அதிலயும் ரெண்டு கழகத்துக்குத்தான் உத்தியோகபூர்வ மட்ச் ஆடலாம். எங்கட பக்கம் ஒருத்தன் ஒரு மாசத்திலயே நாலு ஜேர்சி போடுறான். அதோட, தொழிலா ஆடுற ஒருத்தன் காசுக்கு நாட்டை விட்டு நாடு கைமாறேக்க, 12 வயசிலயிருந்து 23 வயசு மட்டும் அவனைப் பழக்கின கழகங்களுக்கு அந்தக் காசில 5 வீதம் பிரிஞ்சு போகோணும். இந்தக் காசுச் சட்டம் மதவடிப் பெடியளுக்குப் பொருந்தாது, தெரியும். ஆனா வளத்தவனுக்கும் ஒரு பங்கு இருக்கு எண்ட நியாயம் உலகம் முழுக்க ஒப்புக்கொண்டது. ஓடிப்போன அந்தப் போவேட்டை விட்டா எங்களுக்கு என்ன கிடைச்சது? ரெண்டு பந்து, அதில ஒண்டு காத்து நிக்குதில்லை.

நிர்வாகம் எண்டா விளையாட்டுக்கில்லை எண்டதை இந்த நாட்டுக்குப் பீபாவே காட்டினது. வெளியாட்களின்ர தலையீடு எண்டு சொல்லி 2023 ஜனவரியில இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனத்தைத் தடை செய்து ஓகஸ்ட் கடைசியிலதான் திருப்பி எடுத்தவை, அந்த ஏழு மாசமும் ஒண்டும் செய்யாத ஆட்டக்காரர்தான் வெளியில நிண்டவை. எங்கட சின்னக் கழகத்துக்கு அவ்வளவு பெரிய வியாதி இல்லை. மூண்டு பேர் ஃபோனில முடிவெடுத்திட்டுப் பிறகு கூட்டத்தில சொல்லுற வியாதிதான்.

ஒரு ஆவலாதி மிச்சம், பிராக்டிஸ் நேரம். மாசி பங்குனியில வெட்டு நடக்கேக்க பெடியள் பகல் முழுக்க வயலுக்குள்ள, பின்னேரம் மூண்டரைக்கு விசில் ஊதினா ஆர் வருவினம்? வராதவனுக்குப் பேர் வெட்டு. வெளியால வாறவருக்குப் பிராக்டிசே இல்லை, அவருக்கு முதல் பதினொண்டில இடம். ஐப்பசி கார்த்திகையில கிரவுண்டுக்குள்ள முழங்காலளவு தண்ணி நிக்கிற காலத்தை விட்டா எங்களுக்கு மிஞ்சிறதே கொஞ்ச மாசம், அதைப் பெடியளின்ர வேலைக்கும் சோதினைக்கும் ஏத்த மாதிரிப் போட்டா என்ன குறையும்? ஐஞ்சரைக்குத் தொடங்குங்கோ, ரெண்டு லைட் பூட்ட லண்டன் அண்ணையிட்ட நான் கேக்கிறன், கப்பை விட லைட் மலிவு.

வாற ஞாயிற்றுக்கிழமை பொதுக்கூட்டம் எண்டு அறிவிச்சிருக்கிறியள். கணக்குக் கொப்பியையும் பதிவுப் படிவங்களையும் கொண்டு வாங்கோ. தெரிவுக்குழுவில இந்த வருசம் ஆடுறவையிலயிருந்து ஒராளையும், காசு கட்டிற அங்கத்தவரில ஒராளையும் போடச் சொல்லிக் கேக்கப் போறம், முப்பது பேரிட்டக் கையெழுத்து வாங்கியாச்சு, பொருளாளர் அண்ணையின்ர மச்சானும் போட்டிருக்கிறார். இனி ஆரையும் மாத்திறதெண்டா கூட்டத்தில சொல்லிப்போட்டு, அந்தப் பெடியனிட்டயும் கேட்டுப்போட்டு மாத்துங்கோ. லெப்ட் பக்கை அனுப்பினது அவனுக்கே மற்ற ரீமின்ர கோச் வந்து சொல்லித்தான் தெரியுமாம்.

பெடியன்ர தேப்பனோட நான் கதைச்சிட்டன். திரும்பி வர அவனுக்கு விருப்பம்தான், அந்தப் பக்கமும் பிடிச்சு வைக்கமாட்டினமாம். ஆனா கழகத்தில பொறுப்பான ஆரும் வீட்ட வந்து நேர கேக்கோணும், ஃபோன் எல்லாம் வேண்டாம் எண்டு மனுசன் சொல்லிப்போட்டார். ஞாயிறுக்கு முதல் போனால் நல்லது. செயலாளர் அண்ணை, என்ர மோட்டச்சைக்கிளில போவம், பெற்றோல் நான் அடிக்கிறன், கதைக்கிறது நீங்கள்தான்.

இப்படிக்கு,
கோல் கம்பத்துக்குப் பின்னால நிண்டு கத்துறவங்களில ஒருத்தன்